காயோடு காயாய்க் கிடந்த கூடு

எங்கள் வீட்டில் யாரும் வாய்தவறிக்கூடப் ‘புழு’ என்று சொல்லக் கூடாது. கத்தரிக்காயில் இருந்தால்கூட அம்மா ஓசைப்படாமல் வெட்டி எறிவாள். அப்பா ஏலக்காய் வியாபாரி. போடிமெட்டிலிருந்து இறங்கும் மூட்டைகள் பின்கட்டு அறையில்தான் இருக்கும். அங்கே புழு இருக்கிறதாம் என்று போடி கடைத்தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், எங்கள் பிழைப்பில் மண்தான்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் என் அத்தை, அப்பாவின் தங்கை, புழு வளர்த்தாள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.

கொல்லை எலுமிச்சையில் காக்கை எச்சம்போல் ஒட்டிக்கிடக்கும் குஞ்சுப் புழுக்களை இலையோடு கிள்ளி வந்து கூடையில் விடுவாள். மேலே, காய் சலிக்கும் பழைய சல்லடையைக் கவிழ்த்துவிடுவாள். தான் காப்பி குடிக்கும் முன்பே அதுகளுக்குத் தளிர் இலை போய்விடும். தின்று பச்சையாகக் கொழுத்த புழு ஒரு நாள் தீனியை விட்டுவிட்டு, குச்சியோடு தன்னை ஒரு நூலால் இடுப்பில் கட்டிக்கொள்ளும். பிறகு தோலை உதறிக் கூடாகும். கூடு கருத்து, அதைப் பிளந்துகொண்டு வண்ணத்துப்பூச்சி வரும்வரை அத்தை காத்திருப்பாள். அந்தப் பொறுமை எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

அப்பா கண்டுபிடித்துவிட்டார். “இன்னைக்கே ஓடையில கொண்டுபோய்க் கொட்டு” என்றார். அத்தை தலையை ஆட்டிவிட்டு, அவர் தேடவே மாட்டார் என்ற ஒரே இடத்தில், ஏலக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் கூடையை வைத்தாள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான்.

அந்த வாரமே விருதுநகரிலிருந்து பெரிய வியாபாரி ஒருவரின் மகன் காய் பார்க்க வந்தார். அப்பா மூட்டையை இழுத்துப் பிரித்தார். இழுத்த இழுப்பில் கூடை சாய்ந்து, ஒரு கூடு குச்சியிலிருந்து பிய்ந்து காய்களுக்கு நடுவே விழுந்தது. அதுவும் பச்சை, அதுவும் கூர்முனை. வந்தவர் துழாவிய கையில் அதுதான் அகப்பட்டது.

“காய் நல்ல திரட்சியா இருக்கு, அண்ணாச்சி” என்றவர், எல்லா வியாபாரிகளையும்போல் உரித்துப் பார்க்க நகத்தை வைத்தார்.

“உரிச்சிராதீக” என்றாள் அறை வாசலில் நின்ற அத்தை. “அது காயில்ல. புழுக்கூடு.”

அப்பா மூட்டையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தை விடவில்லை. உள்ளே வந்து, கூடையில் மிச்சமிருந்த ஒரு புழுவை ஏலக்காய்மேல் விட்டாள். “எலுமிச்சைப் புழுங்க. காயைத் தொடாது. நீங்களே பாருங்க.” புழு வேண்டாவெறுப்பாக ஊர்ந்தது. அவள் நீட்டிய எலுமிச்சை இலையில் ஏறியதும்தான் ஆற அமரத் தின்னத் தொடங்கியது. அவர் புழுவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அப்பா சொன்ன விலைக்கே முழு லோடையும் எடுத்துக்கொண்டார்.

போகும்போது அந்தக் கூட்டைக் கேட்டார். யாரையும் தொடவிடாத அத்தை, அதை அவர் கைக்குட்டையில் வைத்துக் கொடுத்தாள். “கருத்துச்சுன்னா துணியைத் தொறந்து வச்சிருங்க.” எனக்கு அழுகை வந்துவிட்டது. அது எனக்கென்று சொல்லி வைத்திருந்த கூடு.

தை பிறந்ததும் அவர் மறுபடி வந்தார். கூடவே அவருடைய அம்மாவும், தாம்பாளத்தில் பூவும் பழமும். மூட்டை அறைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கூட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. எல்லோர் நடுவிலும் போய், “என் கூடு எங்க?” என்றேன்.

“பறந்துருச்சே” என்றார். கூடமே சிரித்தது. கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை மட்டும் சிரிக்காமல் என்னை இழுத்து, “என்ன நெறம்னு கேளு” என்று காதில் சொன்னாள்.

கேட்டேன். “கருப்புல மஞ்சப் புள்ளி. ரெக்கைக்கு அடியில ஒரு செவப்புப் பொட்டு” என்றார், யோசிக்காமல்.

அதன்பிறகுதான் அத்தை காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். எனக்காகத்தான் அவ்வளவு அக்கறையாக விசாரித்தாள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.