எங்கள் அரிசியை எங்களுக்கே கொடுத்த படம்

ஒரு கைப்பிடி அரிசி காலித் தகர டப்பாவில் விழும்போது சடசடவென்று சத்தம் வரும். டப்பா நிறைய நிறைய அந்தச் சத்தம் அமுங்கிக்கொண்டே போகும். அதை வைத்தே சிறுவயதில் நான் கிழமை சொல்லிவிடுவேன். உலை கொதித்ததும், அரிசியைக் களைவதற்கு முன்னால் அம்மா ஒரு பிடி அள்ளி, "இது கோயிலுக்கு" என்று டப்பாவில் போடுவார். நீடாமங்கலம் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. 'பிடி அரிசி' என்போம். சனிக்கிழமை சாயங்காலம் அத்தனை டப்பாவும் எங்கள் கூரைக் கோயிலில் இருந்த ஒரே சாக்கில் கொட்டப்படும். எங்களுக்கு ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, காய்ச்சல் கண்டவர்களை சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போன எங்கள் உபதேசியாரின் வீட்டில் அந்த அரிசிதான் சோறாகும்.

நடவும் களையெடுப்பும் முடிந்து, அறுப்புக்கு இன்னும் நாள் கிடக்கிற கார்த்திகை, மார்கழியில் எங்கள் தெருவில் யாருக்கும் வேலை இருக்காது. வேலை இல்லையென்றால் கூலி நெல்லும் இல்லை. ஒருவேளைக் கஞ்சி, தொட்டுக்கொள்ள வயல் நண்டு, அவ்வளவுதான். அப்போதும் அந்த ஒரு பிடியை அம்மா எடுக்காமல் விட்டதில்லை. "நாமளே அரை வயித்துக்குத் திங்கிறோம், இதுல கோயிலுக்கு வேறயா?" என்று ஒருநாள் கத்தினேன். அம்மா அடிக்கவில்லை. "வாங்கித் திங்கிற வீடுன்னு நம்மள யாரும் சொல்லக் கூடாதுடி. நாம குடுக்கிற வீடு" என்றார். எட்டு வயது வயிற்றுக்கு அந்தப் பதில் எப்படிப் போதும்? ஆனாலும் மனசில் உட்கார்ந்துவிட்டது.

அப்படியொரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. கிராமத்துச் சபைகளைப் பணம் கொடுத்துத் தாங்குகிறவர்கள் என்று உபதேசியார் எங்களுக்கு அறிமுகம் செய்தார். சஃபாரி சட்டை போட்ட பெரியவர் ஒருவர், அவருடன் ஒரு கேமராக்காரர். ஒழுகுகிற கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டுத் தருகிறோம் என்றார்கள். எங்களுக்கெல்லாம் அரிசி ஏற்றிய லாரி பின்னாலேயே வருகிறது என்றும் சொன்னார்கள். நாங்களும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லாரியையும் காணோம், கீரியையும் காணோம். வெயில் ஏற ஏற அந்தப் பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கண் பலிபீடத்தின் பக்கத்தில் இருந்த எங்கள் சாக்கின் மேல் விழுந்தது.

"அதான் அரிசி இருக்கே. படத்துக்குத்தானே, இதையே குடுக்கிற மாதிரி எடுத்துக்குவோம்" என்றார். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் அப்படிச் சொல்ல வாய் வரும்! பெண்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க அரிசிய எங்களுக்கே குடுக்க இவரு யாருங்க?" என்று அம்மாதான் கேட்டார். உபதேசியார் கையைப் பிசைந்தபடி, "ஒரு நிமிஷந்தாம்மா. மழைல புள்ளைங்க நனையுதுங்க. ஓடு வந்துரும்மா" என்று கெஞ்சினார். அந்த மனிதரின் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதே இல்லை. அம்மா வரிசையில் முதல் ஆளாகப் போய் முந்தானையை விரித்தார். முந்தின நாள் அம்மாவே எங்கள் டப்பாவிலிருந்து கொட்டிய அரிசியை, அந்தச் சஃபாரி சட்டைக்காரர் படியால் அளந்து முந்தானையில் போட்டார். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் கேமராக்காரர். அம்மா சிரிக்கவில்லை. படம் எடுத்து முடிந்ததும் ஒரு மணிகூடச் சிந்தாமல் அத்தனையையும் சாக்கிலேயே கொட்டிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பொய் சொல்லக் கூடாது, ஓடு வந்தது. லாரிதான் வரவேயில்லை.

நான் படித்து நர்ஸாகி நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டேன். அம்மாவும் உபதேசியாரும் காலமாகிவிட்டார்கள். போன மாதம் கோயிலின் ஆண்டு விழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஓடும் போய், இப்போது டைல்ஸ் போட்ட பெரிய கட்டிடம். காணிக்கை போட ஸ்கேன் செய்கிற அட்டை, வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. உள்ளே நுழைந்தால், சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள் அந்தப் படத்தை. 'பட்டினியால் வாடிய மக்களுக்கு அரிசி வழங்கி ஊழியத்தைத் தாங்கியபோது' என்று கீழே எழுத்து. சஃபாரி சட்டை சிரிக்கிறது. அதற்கு எதிரே முந்தானையை விரித்தபடி, வாங்கித் திங்கிற வீட்டுக்காரியாக என் அம்மா.

சபைச் செயலாளரைத் தேடிப் பிடித்தேன். எங்கள் தெருப் பையன்தான், நல்ல படிப்பு, முப்பது வயதுகூட இருக்காது. "இதை உடனே கழட்டு" என்றேன். "ஐயோ, மெதுவாப் பேசுங்கக்கா. படத்துல அரிசி குடுக்கிறவரோட பேரன்தான் இன்னைக்குச் சிறப்பு விருந்தாளி. பழைய கதைய இப்ப எதுக்குக் கிளர்றீங்க?" என்றான். கையைப் பிடித்து அவனைப் படத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் முகங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள், சாக்கை யாரும் பார்க்கவில்லை. சாக்கின் வயிற்றில் கட்டம் போட்ட ஒரு துணி ஒட்டு தெளிவாகத் தெரிகிறது. அப்பாவின் கிழிந்த கைலியிலிருந்து அம்மா வெட்டித் தைத்தது. அதன்மேல் விரலை வைத்து, "இது எந்த லாரியில வந்த சாக்குன்னு நெனச்சே? எங்கம்மா தச்சது. உள்ள இருந்தது நம்ம தெருப் பொம்பளைங்க தங்களோட சோத்துல கொறச்சுப் போட்ட பிடி அரிசி" என்றேன். குரல் எனக்கே அடங்கவில்லை. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேலியெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"பிடி அரிசின்னா என்னக்கா?"

எதைத் தின்று இந்தச் சபை உயிரோடு இருந்தது என்பது அதன் செயலாளருக்கே தெரியவில்லை. வெளியே விருந்தாளியின் கார் வந்து நின்றது. மாலையோடு ஆட்கள் ஓடினார்கள். நான் நகரவில்லை.

"மொதல்ல ஒரு நாற்காலியக் கொண்டாந்து போட்டு இந்தப் படத்தக் கழட்டு, தம்பி" என்றேன். "அப்புறம் சொல்றேன்."