பத்து செக்கன்

கணினியிலுள்ள கேமராவால் படம் எடுக்கும் சின்ன மென்பொருள் ஒன்றை நானும் நேரில் பார்த்தேயிராத நாலைந்து பேரும் சேர்ந்து பராமரித்து வருகிறோம். திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், குறை சொல்லலாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் எல்லோரும் தவறாமல் செய்கிறார்கள்.

நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். வாரத்தில் மூன்று நாள் ஹட்டனில் ஒரு கடையில் கணினி திருத்துகிறேன். மற்ற நாட்களில் எங்கள் லயத்து வரிசைவீட்டுக் காம்பராவில், அரிசி வாளிக்கும் அலுமாரிக்கும் நடுவே மேசையைப் போட்டுக்கொண்டு இந்த வேலை. மனைவி கொழுந்து எடுக்கப் போவாள்.

"சம்பளமில்லாத வேலைக்கு இம்புட்டு மெனக்கெடுற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான்" என்பாள். ஆனாலும் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் முதலில் சோதிக்கிறவள் அவள்தான். தமிழில் பொத்தான்களுக்குப் பெயர் வைத்தது நான்: எடு, வை, வேண்டாம். மூன்றாவதற்கு 'நிராகரி' என்று வைக்கச் சொல்லி வேறொரு தமிழர் ஒற்றைக்காலில் நின்றார். அரசாங்கக் கச்சேரியில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல இருக்கிறது என்று சொல்லி அவரோடு ஒரு வாரம் சண்டை போட்டு ஜெயித்தேன். 'வேண்டாம்' என்பதை அழுத்தினால் படம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று மனைவிக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

போன பதிப்பின்போது அவளாகவே ஒரு யோசனை சொன்னாள். பொத்தானை அழுத்தி மூன்று செக்கனில் படம் விழும்.

"மூணு பத்தலங்க. பத்து வைங்க."

"பத்து எதுக்கு?"

"சேலைய சரி பண்ண வேணாமா?"

பத்து வைத்தேன். என் வீட்டிலிருந்தே ஒரு வேண்டுகோள் வந்திருக்கிறது என்று மற்றவர்களுக்குப் பெருமையாக எழுதினேன். அவர்களும் பாராட்டினார்கள்.

இந்த முறை புதுப் பதிப்புக்கு எல்லாம் தயார். மாற்றங்களின் பட்டியல் எழுதியாயிற்று, மொழிபெயர்ப்புகள் வந்தாயிற்று. ஒரே ஒரு முறைப்பாடு மட்டும் மூடப்படாமல் கிடந்தது. எங்கோ தூர தேசத்துக்காரர் ஒருவர், வேண்டாம் என்று ஒதுக்கிய படங்கள் அழியாமல் கணினியிலேயே இருக்கின்றன என்று எழுதியிருந்தார். 'இங்கே சரியாக வேலை செய்கிறது' என்று முன்னமே ஒருமுறை அவர் வாயை அடைத்திருந்தேன். மனுஷன் மறுபடியும் வந்து, மிகவும் பணிவாக, தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள் என்றார். அந்தப் பணிவுதான் எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவர் சொல்வது தப்பு என்று நிரூபித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் முகத்தை ஒரு படம் எடுத்தேன். 'வேண்டாம்' என்றேன். மென்பொருளின் உள் கோப்புறையைத் திறந்தேன். என் முகம் அப்படியே இருந்தது.

திரையிலிருந்து மட்டும் மறைத்துவிட்டு, கோப்பை அழிக்கும் ஒரு வரியை நான் எழுதாமலே விட்டிருக்கிறேன். இதைப் பாவிக்கும் ஒவ்வொரு வீட்டிலும், அழிந்துவிட்டது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிற படமெல்லாம் பத்திரமாக இருக்கிறது.

கோப்புறையில் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வருஷக்கணக்கில் நான் சோதித்த படங்கள். சவரம் செய்யாத நான், தகரக் கூரை, பக்கத்துக் காம்பராப் பூனை. அந்தக் கலக்கத்திலும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வெள்ளை நிறமாகப் பதினொரு படங்கள் வந்தன.

எங்கள் வெள்ளைப் படுக்கைச்சீலை சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. அதன் முன்னால் என் மனைவி, தலை முதல் கால் வரை தெரிய, கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நின்றாள். முதல் படத்தில் அவள் வந்து சேரவில்லை, பாதிச் சேலை மட்டும் கலங்கலாக ஓடுகிறது. இரண்டாவதில் பொட்டு இருந்தது. நாலாவதில் இல்லை. ஏழாவதில் தாலிக்கொடி சட்டைக்குள் போயிருந்தது. கடைசி இரண்டில் முந்தானையைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

எங்கள் மலையில் இந்தப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஏஜன்சிக்குக் கொடுக்கிற படம் இது. எங்கள் லயத்திலேயே மூன்று காம்பராவில் இப்படி நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

தேதியைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நான் ஹட்டனில் இருந்தேன். இடுப்பு வலி என்று அவள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் வீட்டில் நின்ற நாள். எழுந்து மேசையிலிருந்து சுவர் வரைக்கும் நடந்து பார்த்தேன். சேலையைச் சரிசெய்து திரும்பி நிற்கப் பத்து செக்கன் சரியாக இருந்தது.

ஆத்திரம் வந்தால் மற்ற ஆண்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நான் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதினேன். புதுப் பதிப்பை முதல்முறை திறந்ததுமே பழைய மிச்சங்களும் அழியும்படி செய்தேன். ஆனால் திறக்கவில்லை. அவள் வரும்வரை அந்தப் பதினொன்றும் எனக்கு வேண்டியிருந்தன.

ஐந்து மணிக்கு, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து இஸ்தோப்புத் திண்ணையில் போட்டாள். காலில் அட்டை கடித்த இடத்தைக் கழுவினாள். உள்ளே வந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

பதினொன்றையும் பார்த்தாள். கோபம் வந்தது அவளுக்குத்தான்.

"அழுத்துனா அழிஞ்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுல ஒரு பிழை இருந்திருக்கு."

"யாரு விட்ட பிழை?"

"நான்தான்."

மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்த சத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குற்றவாளிக் கூண்டில் நான் நின்றேன்.

"எங்க போறதா உத்தேசம்?"

"குவைத்துக்கு."

"எப்ப சொல்றதா இருந்த?"

"பாஸ்போட் கைக்கு வந்ததும்." மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பதினாலு வருசமா இதே காம்பராங்க. ஒங்களுக்கு அந்தப் பொட்டிக்குள்ள ஒரு ஒலகம் இருக்கு. பேசுறதுக்கு ஆளு இருக்கு. எனக்கு காலையில பெரட்டு, சாயங்காலம் தராசு. ரெண்டு வருசம் போயிட்டு வாறேன். மழ ஒழுகாத மாதிரி ஒரு வீடு கட்டணும்."

அப்போதுதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தமாதிரி இருந்தது. பதினொரு படம் எடுத்தவள் பதினொன்றையும் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறாளே.

"எல்லாத்தையும் வேணாம்னுதானே விட்டிருக்க. அப்ப மனசு மாறிட்டதானே?"

என்னை அவள் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"பன்னெண்டு எடுத்தேங்க. ஒண்ணு நல்லா விழுந்துச்சு. அத டவுன்ல குடுத்தாச்சு."

அவள் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி வந்து என் பக்கத்தில் ஒரு கோப்பையை வைத்தாள்.

"பிழைய திருத்திட்டீங்களா?"

"திருத்திட்டேன். இன்னும் சோதிக்கல. தொறந்தா அந்தப் பதினொண்ணும் போயிரும்."

"போகட்டும். தள்ளி ஒக்காருங்க."

ஒரே வாங்குப் பலகையில் நெருங்கி உட்கார்ந்தோம். புதுப் பதிப்பைத் திறந்து, எப்போதும் செய்வதுபோல அவளே பொத்தானை அழுத்தினாள். பத்திலிருந்து எண்கள் இறங்கின.

படம் விழுந்தது. மழையில் அவள் பொட்டு கொஞ்சம் கரைந்திருந்தது, என் கண் சிவந்திருந்தது. ஆனாலும் நல்ல படம். கல்யாணப் படத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டுமாக எடுத்த படம் வேறு இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் விரல் மூன்றாவது பொத்தானுக்குப் போய்விட்டது. சோதனை அதற்குத்தானே.

கோப்புறையைத் திறந்து காட்டினேன். காலியாக இருந்தது.

"இப்ப சரியா அழியுதா?"

"அழியுது" என்றேன்.

அவள் கோப்பைகளைக் கழுவ எழுந்து போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் இருந்த அந்த ஒரு படத்தைக் கணினி முழுக்கத் தேடினேன். எங்கேயும் இல்லை. இந்த முறை நான் பிழை விடவில்லை.