கொக்குகளுக்குக் கால்

சுவரில் அடித்த சுண்ணாம்பு காயும் முன்பே எனக்கு அம்மா துணி அவித்த வெள்ளாவிப் பானையின் வாடை வந்துவிட்டது. எங்கள் ஊரில் பிறந்த ஓவியர், சிறுவயதில் பார்த்த ஆற்றங்கரையை வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக்கி, ஊரே சேர்ந்து வர்ணம் தீட்டுவதாக ஏற்பாடு. என் கையிலும் ஒரு பிரஷ்.

படத்தில் இருப்பது தாமிரபரணிக்குள் கிடந்த மணல்திட்டு. லாரி லாரியாக அள்ளிப் போனபின் இன்று அங்கே பள்ளமும் தண்ணீரை மூடிய அமலைச்செடியும்தான். துவைத்த வேட்டிகளை அம்மா அந்த மணலில்தான் விரிப்பாள். விரலில் ஈரத்துணியின் குளிர்ச்சியும் உள்ளங்காலில் மணல் சூடுமாக, காற்று தூக்கிவிடாமல் மூலைக்கு மூலை நான் கல் வைத்துக்கொண்டே போவேன். படித்துறையில் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார் ஓவியர், அப்போது மீசை அரும்பாத பையன். அம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"சொர்ணம், அங்கன தள்ளி நில்லு, மறைக்குது."

அவர் வீட்டு வேட்டியைக் கையில் பிடித்தபடியே அம்மா நாணலுக்குள் ஒதுங்குவாள்.

"யக்கா, இந்தக் கொக்குக்கெல்லாம் கால் போட்டுருதியளா?" என்றாள் பள்ளிக்கூட டீச்சர், சுவரில் இருந்த வெள்ளைத் தீற்றல்களைக் காட்டி.

"கொக்கு இல்ல டீச்சர், வேட்டி. காயப்போட்டது."

"படத்துல ஆளே இல்லையே யக்கா, பொறவு யாரு காயப்போட்டா?"

கறுப்பைத் தொட்டு, அம்மா விரித்த பதினொரு வேட்டிகளுக்கும் வரிசையாகக் கால் வரைந்தேன்.