கெபி விளக்கு

மர்பி டவுனில் பெர்னார்டைத் தெரியாதவர்கள் கிடையாது. நெட்டை ஆள், ஸ்கூல் வேன் டிரைவர். வாயைத் திறக்கமாட்டான், திறந்தால் கடிப்பான். வண்டியில் ஏறுகிற பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கடி கிடையாது. அவனுக்கும் கேத்தரினுக்கும் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தான். விடியுமுன் எழுந்து வண்டியைக் கழுவி, முதல் பிள்ளையை ஏற்ற அல்சூர் போகவேண்டும். ஆகவே எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவான். படுத்தால் கட்டைதான்.

அந்தத் தூக்கத்துக்கு ஒரு விளக்கு வந்து சேர்ந்தது.

அவன் குடியிருந்தது மாடியில் ஒற்றை அறை, ஒரே கண்ணாடிச் சன்னல். சன்னலுக்கு நேர் எதிரே, கொடியில் துணி காயப்போடுகிற தூரத்தில், சந்தின் விளக்குக் கம்பம். கம்பத்தடியில் மாதா சொரூபம் வைத்த சின்னக் கெபி. பல வருடமாக அந்தக் கம்பத்தில் மஞ்சளாக அழுது வடிகிற விளக்கு ஒன்று இருந்தது. யாருக்கும் அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எதிர்வீட்டு மௌரீன் ஆன்ட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. மாதா இருட்டில் நிற்கிறாள், குடிகாரன்கள் அங்கேயே ஒதுங்குகிறான்கள் என்று வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்து, புது எல்.இ.டி. விளக்கைக் கொண்டுவந்துவிட்டாள். எரியவிட்ட அன்று கெபி முன்னால் ஜெபம், சந்து முழுக்க கேக். பெர்னார்டும் ஒரு துண்டு வாங்கித் தின்றான். ராத்திரி படுத்த பிறகுதான் எதற்காகக் கேக் தின்றோம் என்பது அவனுக்கு விளங்கியது.

வெள்ளை வெளேரென்ற வெளிச்சம். கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே வந்து உட்கார்ந்தது. சன்னலுக்குக் கேத்தரினின் பழைய புடவையைக் கட்டினான். புடவையின் பூவெல்லாம் சுவரில் விழுந்து ஆடியது. கம்பளியைக் கட்டினான், காற்று நின்று, அறை இட்லிப் பானை ஆகிவிட்டது. பீரோவை இழுத்துச் சன்னலில் சாய்த்தான். வீட்டுக்காரர் கீழேயிருந்து தரை உடைகிறது என்று கத்தினார். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தால், துண்டு இருக்கிறதே என்ற நினைப்பிலேயே விழித்திருந்தான். கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். ஆறடி மனுஷன், கால் வெளியே. கேத்தரின் கட்டில்மேல் குறட்டை விட்டாள். அவளுக்கு எரிகிற அடுப்புக்குப் பக்கத்திலும் தூக்கம் வரும்.

“யோவ், கல்லறைல போட்டாலும் இதே மாதிரி பொரண்டு பொரண்டுதான் படுப்பியா?” என்று காலையில் கேட்டாள்.

“அங்க லைட்டு கெடையாதுடி.”

“யாரு கண்டா? மௌரீன் ஆன்ட்டி அங்கயும் ஒன்னு போட வெச்சிடும்.”

சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. போன வாரம் அல்சூர் சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் கிழிந்தது. பிள்ளைகள் சேர்ந்து “அங்கிள்! அங்கிள்!” என்று தோளைத் தட்டி எழுப்பினார்கள். ஒரு பிள்ளை அதை வீட்டில் சொல்ல, வீட்டார் வேன்களின் சொந்தக்காரன் ஸ்ரீஹர்ஷாவிடம் சொல்ல, அவன் பெர்னார்டைக் கூப்பிட்டு நிறுத்தினான். பாதி வயசுப் பையன், கன்னடம் கலந்த தமிழ்.

“ஏன்ரி பெர்னார்ட், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னா இது காய்கறி வண்டி இல்ல. உள்ளாற மக்கள் இருக்காங்க. இன்னொரு தடவ ஆச்சுன்னா சாவிய டேபிள் மேல வெச்சுட்டு போய்ட்டே இருங்க.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் பெர்னார்டுக்கு அதிகம் எரிந்தது. சிக்னலில் நின்ற வண்டியாக இருந்ததால் போயிற்று. ஓடுகிற வண்டியாக இருந்திருந்தால்? கண்ணைத் திறந்துகொண்டே அந்தக் கனவு அவனுக்கு வர ஆரம்பித்தது.

லைன்மேன் சீனுவைப் பிடித்தான். விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னான். சீனு கம்பத்தையே நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணா, லைட்டு போடுன்னு நூறு பேர் வர்றான். திருப்புன்னு நீ ஒருத்தன்தான் வந்திருக்க. அந்தம்மா ஏரியா பூரா லெட்டர் வாங்கி போட்ட லைட்டுண்ணா அது. நான் தொட்டேன்னு தெரிஞ்சா என் யூனிபார்மை உருவிடும்.”

பிறகு மௌரீன் ஆன்ட்டியிடமே போனான். எழுபதைத் தாண்டியவள், ஆனாலும் கண்டோன்மென்ட் காலத்து மிடுக்கு இறங்கவில்லை. கவுன் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மகன் கிளிஃபர்ட் கால் சென்டரில் ராத்திரி வேலை. அவனும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“ஆன்ட்டி, லைட்டு நேரா கண்ல அடிக்குது. ஒரு தகரம் வெச்சு மறைச்சா…”

“மாதாவ மறைக்கணுங்கிறியா?”

“மாதாவ இல்ல ஆன்ட்டி. என் சன்னல் பக்கம் மட்டும்.”

“தூக்கம் வரலன்னா ஜெபமாலை சொல்லுப்பா. அம்பத்தஞ்சு வயசுக்கு இத்தன தூக்கம் எதுக்கு? புள்ள குட்டி பெத்து வளத்து அலுத்துப் போனவனா நீ?”

கிளிஃபர்ட் டீக் கோப்பைக்குள் பார்த்தான். பெர்னார்டு திரும்பி வந்தான். மாடிக்கு வந்து கதவை ஓங்கிச் சாத்தினான். தூக்கமில்லாத எரிச்சல் என்றுதான் கேத்தரினிடம் சொன்னான்.

தவக்காலம் வந்தது. கடைசி இரண்டு வாரம் கோயிலில் சொரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா ராத்திரிதான் திறப்பார்கள். சந்துக் கெபியை மூடுகிற வேலை வருடா வருடம் பெர்னார்டுடையது, உயரத்துக்காக அவனிடம் கொடுத்தது. அந்த ஞாயிறு பூசை முடிந்து, ஏணியில் நின்று மாதாவுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தான். கீழே எல்லோரும் நின்றார்கள். தலைக்குமேல் அந்த விளக்கு, பகலில் அணைந்து, ஒன்றும் தெரியாததுபோல் தொங்கியது.

“மாதாவயே மூடியாச்சு,” என்றான் மெல்ல. “மூடின மாதா மேல கல்யாண வீடு மாதிரி வெளிச்சம் அடிக்குது. தவக்காலத்துல இது நல்லாவா இருக்கு?”

கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேறு எந்தத் தெருவிலும் இந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. விளக்கு வேறு, சொரூபம் வேறு என்று ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். ஆனால் அந்தச் சந்தில் அது மாதா விளக்கு. அப்படிப் பேர் வைத்ததே மௌரீன் ஆன்ட்டி. இப்போது தவக்காலத்துக்கு எதிராக அவளால் பேசமுடியுமா? அதுவும் இல்லாமல், தன் விளக்கையும் கோயில் சொரூபத்துக்குச் சமமாக மூடப்போகிறார்கள் என்றதும் அவள் முகத்தில் ஒரு பெருமை ஏறியது. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தடித்த ஊதாத் துணியை அவளே எடுத்துவந்து கொடுத்தாள்.

“நல்லா ரெண்டு மடிப்பா கட்டு. ஓரம் தொங்கக் கூடாது.”

“சரிங்க ஆன்ட்டி,” என்றான் பெர்னார்டு. உள்ளே ஒரு சாக்கையும் சேர்த்து மூன்று மடிப்பாகக் கட்டினான்.

அன்று ராத்திரி தூங்கினான். மறுநாளும் தூங்கினான். மூச்சு இருக்கிறதா என்று கேத்தரின் அவன் மூக்கில் கைவைத்துப் பார்த்தாளாம். வண்டியில் பிள்ளைகளோடு பாட்டுப் பாடிக்கொண்டு போனான். “ஏன்ரி, புது மாப்ளயா?” என்று ஸ்ரீஹர்ஷாவே கேட்டான். யார் கேட்டாலும் பெர்னார்டு, “படுத்தா காதுல இடி விழுந்தாலும் தெரியல,” என்றான். பத்துப் பேரிடம் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே இனித்தது.

பெரிய வியாழன் ராத்திரி சந்தில் ஆள் இல்லை. எல்லோரும் கோயிலில் ஆராதனையில் இருந்தார்கள், கேத்தரினும் போயிருந்தாள். பெர்னார்டு மட்டும் போகாமல் படுத்தான். இந்தத் தூக்கம் பாஸ்காவரைதான், ஒரு ராத்திரியையும் விடக்கூடாது என்ற கணக்கு அவனுக்கு.

ஒரு சத்தம் கேட்டது. கல் புரள்கிற சத்தம். அப்புறம், “அம்மா…”

கண் திறந்தது. மறுபடி மூடியது.

“யாராச்சும் இருக்கீங்களா? கால எடுக்க முடியலப்பா…”

மௌரீன் ஆன்ட்டியின் குரல். முட்டி வலி என்று ஆராதனையிலிருந்து முன்னாலேயே கிளம்பியிருக்கிறாள். பெர்னார்டு எழுந்து சன்னலுக்கு வந்தான். கீழே இருட்டு. சாக்கடை மூடின கல்லுக்குப் பக்கத்தில் வெளுப்பாக ஒரு கவுன் தெரிந்தது, அவ்வளவுதான். கல் ஒன்று விலகிக் கிடந்திருக்க வேண்டும். விளக்கு எரிந்திருந்தால் தெரிந்திருக்கும்.

“பெர்னார்டு… நீ மேலதான இருக்க… வாப்பா…”

இறங்கினால் என்ன ஆகும் என்று நின்றபடியே யோசித்தான். ஆட்டோ, ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. விடிந்துவிடும். அதோடு துணியையும் அவிழ்த்துவிடுவார்கள். கோயிலுக்குப் போனவர்கள் எப்படியும் வரத்தான் போகிறார்கள். மறுநாள் பெரிய வெள்ளி, பள்ளி லீவு, வண்டி எடுக்கவேண்டியதில்லை. அதுவும் அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது. புள்ள குட்டி பெத்து அலுத்துப் போனவனா நீ என்று கேட்ட வாய்தானே, கொஞ்சம் கத்தட்டும்.

சன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டான். குரல் சின்னதாயிற்று. படுத்தான். தூங்கியும்விட்டான்.

நடுநிசி கழிந்து வந்தவர்கள்தான் தூக்கினார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அத்தனை நேரம் ஈரத்தில் கிடந்ததில் சளி வேறு பிடித்துவிட்டது. விடிந்ததும் கிளிஃபர்ட் ஏணி போட்டு ஏறி ஊதாத் துணியைப் பிய்த்து எறிந்தான். பெர்னார்டை யாரும் குறை சொல்லவில்லை. துணி கொடுத்தது அவளேதான்.

“நீங்க மேலதான இருந்தீங்க அண்ணா, ஒன்னும் கேக்கலயா?” என்று மட்டும் கிளிஃபர்ட் கேட்டான்.

அவன் பதில் சொல்லுமுன் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார்: “அவனுக்கா? படுத்தா இடி விழுந்தாலும் தெரியாதுப்பா அவனுக்கு.”

பெர்னார்டு தலையை ஆட்டினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்து முன்னறையில் தெருச் சன்னலோரம் கட்டில் போட்டார்கள். இனி நடக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெர்னார்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனான். அவள் கிளிஃபர்ட்டைப் பாலுக்கு அனுப்பிவிட்டு, அவனைக் கிட்டே கூப்பிட்டாள்.

“உன் சன்னல் கொக்கி துரு புடிச்சிருக்கு பெர்னார்டு. எண்ண போடு. ரொம்ப சத்தம்.”

ஆரஞ்சுப் பை அவன் கையில் நின்றுவிட்டது.

“இடுப்பு ஒடஞ்சதும் காது நல்லா கேக்கும் தெரியுமா? நீ நடந்து வந்தது, நின்னது, சாத்தினது, எல்லாம் கேட்டுச்சு.”

“ஆன்ட்டி… கிளிஃபர்ட் கிட்ட…”

“அவன்கிட்ட எதுக்கு? சொன்னா உன்ன அடிப்பான். நாலு பேரு துப்புவாங்க. ஒரு மாசத்துல மறந்துடுவாங்க. அதுல எனக்கு என்னா லாபம்?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அவனுக்கு ராத்திரி வேல. ஆள் வெக்க வக்கில்ல. காலுக்கடில தலகாணி நவுந்தா உயிர் போவுது. யாராச்சும் வந்து தூக்கி வெக்கணும். தண்ணி குடுக்கணும். நீ எதுத்தாப்ல தான இருக்க. கூப்புடுவேன். வா. சன்னல தெறந்து வெச்சுக்கோ, அப்பத்தான் கேக்கும்.”

அதுமுதல் கூப்பிட்டாள். ஒரு ராத்திரியில் இரண்டு தடவை, சில நாள் அதற்கு மேலும். “பெர்னார்டு!” என்றால் அவன் இறங்கவேண்டும். சில சமயம் போய்ப் பார்த்தால் தலையணை நகர்ந்தே இருக்காது. “வர்றியான்னு பாத்தேன்,” என்பாள். திறந்த சன்னல் வழியாக அவள் விளக்கு பழையபடி அறை முழுக்க அடித்தது.

சந்துக்கு அவன் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்றார்கள். ஃபாதர் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் சொன்னார். எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். கேத்தரினுக்குப் பெருமை தாங்கவில்லை. “என் வீட்டுக்காரர்தான்,” என்று மீன்காரியிடம்கூடச் சொன்னாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு தடவை வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே, மழை பெய்த ஒரு காலையில், வேன் டிவைடரில் ஏறி நின்றது. பெர்னார்டுக்குக் கண் மூடியது தெரியாது, திறந்ததுதான் தெரியும். பின்னால் அழுகை. முன் சீட்டில் எப்போதும் வாந்தி வருகிற சின்னப் பெண், உதடு கிழிந்து, முன்பல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தது. “அங்கிள், தூங்கிட்டீங்களா?” என்று கேட்டது. திட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

ஸ்ரீஹர்ஷா வந்து எதிரே நின்றான். கையை நீட்டினான். பெர்னார்டு சாவியைக் கொடுத்தான்.

வீட்டுக்கு நடந்தே வந்தான். மத்தியானம் ஆகவில்லை. இனிப் பகலில் தூங்கலாம், பகலில் விளக்கு எரியாது என்ற ஒரு நினைப்பு மட்டும் அவனோடு கூடவே வந்தது. சந்து முனையில் திரும்பும்போதே சன்னலிலிருந்து குரல் வந்தது. செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டிருக்கிறது.

“பெர்னார்டு! வேல போச்சாமே?”

அவன் நின்றான்.

“நல்லதாப் போச்சு. இந்த கிளிஃபர்ட் பகல்ல தூங்கறான், கூப்டா எரிஞ்சு விழறான். உள்ள வா. தலகாணி நவுந்துடுச்சு.”

பெர்னார்டு செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான்.