பச்சை என்று சொல்லிவிட்டேன்

மூன்று வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை, ஒரு மனிதரைக் கடலில் தொலைக்கப் பார்த்தேன்.

பிடித்துத் தள்ளவில்லை. அந்த அளவுக்குக் கையில் பலமில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன் — 'பச்சை'.

இந்தப் பக்கத்தில் நான் எதைத்தான் எழுதவில்லை? பஸ் கண்டக்டரோடு பட்ட சண்டை, வாசலுக்கு வந்து செவ்வரத்தையைத் தின்னும் மான், எங்கள் வீட்டுக்காரரின் குறட்டை... ஒன்றை மட்டும் ஒளித்துவைத்திருந்தேன். எழுதினால் 'இந்த மனுசிக்குக் கழண்டுபோச்சு' என்று நினைப்பீர்கள் என்ற பயம். இனிப் பயந்து பிரயோசனமில்லை. பக்கத்துச் சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். எனக்கு இலக்கங்களும் எழுத்துகளும் நாட்களும் நிறத்தோடுதான் வரும்.

கறுப்பு மையில் அச்சடித்த ஏழு கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் ஏழு பச்சை. சீனி இனிக்கிறது என்பதை யாராவது யோசித்துச் சொல்கிறார்களா? அதுமாதிரி. இரண்டு என்ற இலக்கமும் பச்சைதான், வாழைக்குருத்துப் பச்சை. மூன்று மஞ்சள். ஐந்து செங்கல். செவ்வாய்க்கிழமை சிவப்பா என்று கேட்காதீர்கள், சாம்பல். புதன் வெண்ணெய் நிறம். ஏன் என்று எனக்கென்ன தெரியும்?

எல்லோருக்கும் இப்படித்தான் என்று பத்து வயதுவரை நினைத்திருந்தேன். ஒருநாள் கணக்கு ரீச்சர் பச்சைச் சோக்கால் மூன்று என்று எழுதினார். "ரீச்சர், மூண்டு மஞ்சள்" என்றேன். "வாய் கூடிப்போச்சு" என்று வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார். அன்றைக்கு மூடிய வாய்தான். பிறகு ஒரு கண் டொக்டரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக நிறப்படங்கள் போட்ட புத்தகத்தை விரித்துச் சோதித்துவிட்டு, "கண்ணில ஒரு பிழையுமில்லை" என்று அனுப்பிவிட்டார். பல வருடம் கழித்து ஏதோ ஒரு சஞ்சிகையில் படித்தேன் — என்னைப் போல ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். அதற்கு சினெஸ்தீசியா என்று பெயராம். நோயும் இல்லையாம், மருந்தும் இல்லையாம். அந்தப் பெயர் எனக்குத் தவிட்டு நிறம்.

கலியாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டு முகம் சுருங்கிப்போனேன். சேற்று நிறம். ஆள் நல்லவர் என்றார்கள். நிறம் பார்த்துக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த ஏலுமா? கட்டிக்கொண்டேன். ஒரு மாதம் போனபின் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார்.

"அப்ப, உம்மட அம்மா என்ன கலர்?"

முப்பது வருடமாக இதே மாதிரிப் பகிடிதான்.

ஆனால் ஒன்று. இதனால் எனக்கு ஒருநாளும் நட்டம் வந்ததில்லை. ஒரு அரச அலுவலகத்தில் கோப்புத் தேடிக் கொடுப்பதுதான் வேலை. நிறம் மறக்காது, இலக்கம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். 'அக்கா ஒரு கம்பியூட்டர்' என்பார்கள். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருந்தது — இறந்தகாலத்தில் எழுதுகிறேன், கவனியுங்கள்.

இனி அந்தப் புதன்கிழமை.

சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். பென்சன் எடுத்தபின் அதுதான் உத்தியோகம். சல்லிக் கடற்கரைக்குப் போய் நடக்கத் தொடங்கிச் சில வாரம்தான், முகங்கள் இன்னும் பழகவில்லை. அன்றைக்கு விடிய முன்னமே போய்விட்டேன். முன்னுக்குக் கிடப்பது நாயா, வலைக்குவியலா என்று தெரியாத இருட்டு.

கரையோரத் தண்ணீரில் ஒரு ஃபைபர் படகு நின்றது. நெற்றியில் டோர்ச் கட்டிய ஒருவர் எண்ணெய்க் கலனைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோனார். ஏறக் குனிந்தபோது வெளிச்சம் படகின் முன்பக்கத்தில் விழுந்தது. வெள்ளைப் பட்டை, அதில் கறுப்பு இலக்கம். ஏழு, ஏழு, இரண்டு, ஏழு. எனக்கு அது முழுக்கப் பச்சை, மழைக்குப் பிந்திய வயல் மாதிரி. காலையில் பார்க்க நன்றாக இருந்தது. எஞ்சினை இழுத்தார். வடக்கே, நிலாவெளிப் பக்கம் போய்விட்டார்.

எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. தொழிலுக்கு இறங்குகிறவரிடம் அப்படிக் கேட்டால் அன்றைக்கு வலையில் ஒன்றும் விழாது. பெண்சாதிகூடக் கேட்கமாட்டாள்.

பத்து மணிபோல மீன் வாங்க அதே கரைக்குப் போனேன். மீன் இருந்தது, விற்கத்தான் ஆளில்லை. எல்லோரும் ஒரு பெண்ணைச் சுற்றி நின்றார்கள். பெயர் மலர். அவளுடைய புருஷன் யோகன் விடிய முன் தனியாகக் கடலுக்குப் போனவர். எட்டு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுகிற மனிதர், இன்னும் வரவில்லை. போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. எந்தப் பக்கம் போனார்? ஒருவருக்கும் தெரியாது. யாரும்தான் கேட்கவில்லையே.

கச்சான் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றுபோன படகை அது திருப்பிக் கொண்டுவராது, வெளியே கொண்டுபோகும்.

மீனவர் சங்கத் தலைவர் தவராசா என்னைக் கண்டார்.

"அக்கா, காலமை நடக்க வந்தனீங்கள்தானே? ஏதும் போட் போனதைக் கண்டனீங்களோ?"

"ஓம். ஒண்டு வடக்கால போனது."

"என்ன கலர்?"

இந்தக் கரையில் படகை நிறத்தால்தான் சொல்வார்கள். நீலப் போட், மஞ்சள் போட், சிவப்புக் கரை வைத்த போட். இலக்கம் பதிவுப் புத்தகத்துக்கு, நிறம் மனிதருக்கு. அதனால் அவர் அப்படிக் கேட்டார். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"பச்சை."

மலரின் முகம் விழுந்துவிட்டது. "எங்கட நீலம்" என்றாள்.

"அப்ப அது அவன் இல்லை" என்றார் தவராசா. "நிலாவெளியில ரெண்டு மூண்டு பச்சை நிக்குது, அதில ஒண்டாயிருக்கும். யோகன் வழமையா எந்தப் பக்கம், தங்கச்சி?"

"தெற்கால, கோட்டைப் பக்கம்தான் கூட."

இரண்டு படகுகள் தெற்கே போயின. நான் அரைக் கிலோ சூடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தெரிந்ததைச் சொன்ன நிம்மதி வேறு.

குசினியில் மீனைக் கழுவிக்கொண்டே கதையை இவருக்குச் சொன்னேன். தேத்தண்ணியோடு வாசலில் நின்று கேட்டார்.

"விடிய முன்னமெல்லோ போனீர்?"

"ஓம்."

"இருட்டுக்க பச்சை எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

டோர்ச் வெளிச்சத்தில் நான் கண்டது ஒரு வெள்ளைப் பட்டையைத்தான். படகு கறுப்பு, கடல் கறுப்பு, அந்த மனிதர் கறுப்பு. அந்த நேரத்தில் அந்தக் கரையில் ஒரு நிறமும் இல்லை.

"இலக்கம் ஏதும் கண்டனீரோ?" இவர் பகிடி விடவில்லை. குரல் மாறியிருந்தது.

"ஏழு ஏழு ரெண்டு ஏழு."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார். முப்பது வருடம் சும்மா பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். என் நிறங்களையெல்லாம் மனிதர் பாடமாக்கி வைத்திருக்கிறார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். எங்கள் வீட்டில் தீர விசாரிக்கிறவர் அவர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கை கழுவாமலே பின்னால் ஏறினேன். எனக்குப் பயமாக இருந்தது. வழியெல்லாம் ஒரே கணக்குத்தான். நான் 'பச்சை' சொல்லி எத்தனை நேரம்? ஒரு மணித்தியாலம்? கூடவா? காற்று எவ்வளவு தூரம் இழுத்திருக்கும்?

கரையில் அத்தனை பேருக்கு முன்னால் சொல்லவேண்டியிருந்தது.

"நான் பச்சை எண்டு சொன்னது போட்டை இல்லை. இலக்கத்தை. எனக்கு... இலக்கமெல்லாம் கலராத் தெரியும்."

ஒருவர் மெல்ல என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார், 'இவவுக்கு எப்ப தொடக்கம் இப்பிடி?' என்பதுபோல. பத்து வயதில் வகுப்புக்கு வெளியே நின்ற அதே வெட்கம். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மலருக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. கிட்ட வந்தாள்.

"இலக்கம் என்ன, அக்கா?"

"ஏழு ஏழு ரெண்டு ஏழு."

"அது அவர்ர போட்தான்" என்றாள். அப்படியே மணலில் இருந்துவிட்டாள்.

தவராசா அதற்குள் நிலாவெளிக்குப் போன் எடுத்துவிட்டார். அங்கிருந்து மூன்று படகுகள் இறங்கின. தெற்கே போனவர்களையும் திருப்பினார்கள். நான் அங்கேயே இருந்தேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மலர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்குப் பிறகு போன் வந்தது. நிலாவெளிப் பக்கம், புறாத்தீவுக்கு வெளியே, நல்ல தூரத்தில், ஆளைக் கண்டுவிட்டார்கள். அறுந்து மிதந்த வலையொன்று எஞ்சின் காற்றாடியில் சுற்றி, எஞ்சின் செத்துப்போயிருக்கிறது. நங்கூரக் கயிறு கடலடித் தரைக்கு எட்டவில்லை. ஒரு போத்தல் தண்ணீர்தான் கொண்டுபோனவராம். கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் இறங்கிய யோகன் முதலில் கேட்டது வலையை அல்ல, பெண்சாதியை அல்ல — தேத்தண்ணி.

"இன்னும் ரெண்டு மணித்தியாலம் போயிருந்தா தேடிப் பிரயோசனமில்லை" என்று தவராசா என் வீட்டுக்காரரிடம் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார். கேட்டது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னேன், அதுவும் முழு நிச்சயத்தோடு. அதுதான் வில்லங்கம். தயங்கியிருந்தால் தவராசா இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். அடித்துச் சொல்கிறவரிடம் யார் மறுகேள்வி கேட்பார்கள்? உங்களுக்கு நிறம் தெரியாமல் இருக்கலாம். இந்த நிச்சயம் உங்களிடமும் இருக்கும், எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் அந்தப் பக்கம் நான் நடக்கப் போகவில்லை. டொக்டர் ஏசினார். நேற்று, நன்றாக விடிந்த பிறகு, போனேன்.

யோகனின் படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப்போட்டிருந்தார்கள். மலர் தூரிகையோடு நின்றாள். பாதிப் படகு நீலம், பாதி பச்சை.

"என்ன மலர், கலர் மாத்துறீங்களோ?"

"ஓம் அக்கா. எப்பிடியும் பெயின்ற் அடிக்கத்தான் இருந்தது. உங்கட கலரிலயே அடிச்சுவிட்டா, இனி இருட்டில கண்டாலும் பகலில கண்டாலும் நீங்கள் சொல்லுறது சரியா வருமெல்லோ?"

அவள் கொஞ்சம் தள்ளிநின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுதானே அக்கா, அந்தப் பச்சை?"

இல்லை. ஏழின் பச்சை இதைவிட ஆழம், இதில் மஞ்சள் கூடிவிட்டது.

"ஓம் மலர். அச்சொட்டா இதுதான்" என்றேன்.

நிறத்தைப் பற்றி என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய்.