மேசையைச் சுற்றி நடந்தவள்

எங்கள் பள்ளிக்கு டேப்லட்டுகள் வந்தது செப்டம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. போனது அதே வாரம் வெள்ளிக்கிழமை. மலேசியாவில் பெடாஸ் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப்பள்ளி அது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்ததால் வாரம் முழுக்க உதவிக்கு நின்றேன்.

மூன்றாம் ஆண்டில் படித்த என் மகள் கணக்குக்காகக் குறைநீக்கல் வகுப்பில் இருந்தாள். அடுக்கிய கனசதுரங்களைப் படத்தில் காட்டினால், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணுவாள். ஆண்டிறுதித் தேர்வில் தேறினால்தான் மற்றப் பிள்ளைகளோடு உட்கார முடியும்.

டேப்லட்டை ஓர் அட்டைக்கு நேராகப் பிடித்தால், திரையில் அந்த அட்டையின்மேல் கனசதுரங்கள் அடுக்காக எழுந்து நிற்கும். மேசையைச் சுற்றி நடந்தால் பின்பக்கமும் தெரியும். செவ்வாய்க்கிழமை என் மகள் பாதிச் சுற்றில் நின்றுவிட்டாள்.

"ப்பா, இங்க ரெண்டு ஒளிஞ்சிக்கிட்டு இருக்குப்பா!"

வியாழனன்று ஒன்றுகூடத் தவறாமல் எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை பிரமுகர்கள் வந்தார்கள். மாலை, பேச்சு, படம். நன்றாகச் சிரிக்கிறாள் என்று என் மகளை நடுவில் நிறுத்தினார்கள். அவர்கள் கார் ஏறியதும், டேப்லட் கொண்டுவந்த இளைஞன் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான்.

"தம்பி, இப்பத்தான் புள்ளைக்குப் பிடிபடுது. ஒரு மாசமாச்சும் விட்டுட்டுப் போங்களேன்."

"இது டெமோ லா அண்ணே. அடுத்து லிங்கி ஊரு ஸ்கூல்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

"அங்கயும் போட்டோ புடிக்கிற வரைக்கும்தானே?" என்றார் சங்கத் தலைவர்.

இளைஞன் சிரிக்கவில்லை. அட்டைகளை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தச் செயலி என் கைப்பேசியில் இறங்கவில்லை, பள்ளிகளுக்கு மட்டுமாம். வீட்டில் சவர்க்காரப் பெட்டிகளை அடுக்கிக் காட்டினேன். சுற்றி நடந்து சரியாகச் சொன்னாள். தாளில் வரைந்து கொடுத்தால் அதற்கும் எழுந்து சுற்றினாள். உட்கார்ந்த இடத்திலேயே மனத்தால் சுற்றிவரப் பழக, பிள்ளைக்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களைத்தான் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆண்டிறுதித் தேர்வன்று வகுப்பாசிரியை அழைத்தார். "சார், உங்க பொண்ணு பரீட்ச நேரத்துல மேசைய சுத்திச் சுத்தி நடக்குது. மத்த புள்ளைங்க சிரிக்குதுங்க. ரெண்டு தடவ உட்கார வச்சேன்."

மாலையில் மகளிடம் கேட்டேன்.

"அந்தப் பக்கம் பார்க்கத்தான்பா எழுந்தேன். டீச்சர் உடல."

அவள் தேறவில்லை. குறைநீக்கல் வகுப்புக்குப் போகும் நடைபாதையில், பிரமுகர்களோடு எடுத்த அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் சிரித்துக்கொண்டிருக்கும் தன்னைத் தினமும் கடந்துதான் அவள் உள்ளே போகிறாள்.