பூக் கருகிய வருஷம்

யாக்கிமா என்ற ஆப்பிள் ஊரின் பள்ளியில், வரலாற்று டீச்சர் ஓல்கா வகுப்புச் சுவரில் நீளமாகத் தாள் ஒட்டி, எல்லாரும் தங்கள் வீட்டுக் கதையை வருஷத்தோடு எழுதச் சொன்னார். பழம் பறிக்க ஊர் ஊராய்ப் போகிற யரேலி வீட்டில் யாரும் வருஷம் சொல்வதில்லை. வருஷமில்லாத கதை வரலாற்றில் சேருமா?

கழுத்திலிருந்த குவாதலூப்பே மாதா பதக்கத்தைத் தொட்டுக்கொண்டு எழுந்தாள். "ஸ்ட்ராபெரி பறிக்கறப்போ நான் பொறந்தேன். செர்ரி சமயத்துல தம்பி. ஆப்பிள் பேக் பண்ற கொட்டகையில அம்மா ஸ்டிரைக் பண்ணாங்க. வருஷம் தெரியாது டீச்சர்."

"என்ன யரேலி, பழக்கடை வைக்கப் போறியா?" என்றான் எஃப்ராயின். வகுப்பே சிரித்தது. அவள் உட்காரப் போனாள்.

"இரு, பனி கொட்டி ஆப்பிள் பூவெல்லாம் கருகிச்சே, அந்த வருஷ ஸ்டிரைக்கா?" அவன் குரல் மாறியிருந்தது. "எங்கப்பாவும் ஸ்டிரைக்ல கொட்டகை வாசல்ல நின்னாரு."

"எங்க அத்தையும் நின்னாங்க," என்றாள் இன்னொருத்தி.

டீச்சர் பேனாவை யரேலியிடம் நீட்டினார். "இது பாடப்புத்தகத்துல இல்லம்மா. நீயே எழுது. எந்த வருஷம்னு எல்லாரும் சேர்ந்து தேடுவோம்."

'பூக் கருகிய வருஷம்' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே அம்மா பெயரை முதலில் போட்டாள். மாதா கைவிடவில்லை. மணி அடித்தும் ஒருவரும் நகராமல், ஸ்டிரைக்கில் நின்ற தங்கள் வீட்டார் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஏழாவது பெயருக்கு அந்த வருஷத்தின் கீழே தாளில் இடமில்லாமல் போனது.